குழுவறையும் சட்டமும்: டொனமூர் காலம் பற்றிய ஒரு நோக்கு

உருவம் என்பது உள்ளடக்கத்தைத் தாங்கும் வெறும் பாத்திரமன்று என இலக்கிய விமர்சனத்தில் நாம் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்துள்ளோம். சட்டமியற்றலுக்கும் இது பொருந்தும். ஒரு மசோதா எந்தக் குழுவில் உருப்பெறுகிறது, அக்குழுவின் தலைவரை யார் தெரிவுசெய்கின்றனர், சபைக்கு வந்தபின் அதனைத் திருத்த யாருக்கு இயலும், விவாதத்துக்கு எவ்வளவு காலம் அளிக்கப்படுகிறது என்பனவெல்லாம் வெறும் நடைமுறை விடயங்கள் எனக் கொள்ளப்படுகின்றன. நமது பாடநூல்களும் அரசியல் யாப்புகளின் பெயர்களையும் ஆசனங்களின் தொகையையும் விரித்துரைத்துவிட்டு இவற்றை ஓரிரு வரிகளிற் கடந்து செல்கின்றன. இலங்கையில் 1931 முதல் 1947 வரை நிலவிய டொனமூர் முறை இவ்வலட்சியம் எத்துணைத் தவறானது என்பதைக் காட்டும்.

அம்முறையின்கீழ் அமைந்த அரசாங்க சபையில் 61 உறுப்பினர் இருந்தனர். 50 பேர் சர்வசன வாக்குரிமையின்படி தெரிவுசெய்யப்பட்டோர். 8 பேர் நியமனம் பெற்றோர். எஞ்சிய மூவர் பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் ஆகிய உயர் உத்தியோகத்தர். உத்தியோகத்தர் அல்லாத உறுப்பினர் உள்நாட்டலுவல், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழிலும் கைத்தொழிலும் வர்த்தகமும், கல்வி, போக்குவரத்தும் பொதுவேலையும் என்னும் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிந்தது. அவரே அத்துறையின் மந்திரியுமானார். இலண்டன் மாநகரசபையின் குழுமுறை இதற்கு முன்மாதிரி. மந்திரி தன் குழுவிலேயே தோல்வியடையலாம். வரவுசெலவுத் திட்டம் தவிர்ந்த விடயங்களில் மந்திரிகளுக்குக் கூட்டுப்பொறுப்பு இல்லை. பின்வரிசை உறுப்பினர் ஒருவர் கோவைகளைப் பார்வையிட்டு நிருவாகத்திற் பங்குகொள்ள இதன்மூலம் வாய்ப்புப் பெற்றார். நிதி, நீதி, வெளிநாட்டலுவல், பாதுகாப்பு ஆகியன மட்டும் குழுக்களுக்கு எட்டாதவாறு அம்மூன்று செயலாளரிடமே விடப்பட்டன. பணப்பெட்டியின் திறவுகோலை ஏகாதிபத்தியம் கைநழுவ விடவில்லை.

1931ஆம் ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாணத்தவர் பகிஷ்கரித்தமையால் வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகவே இருந்தன. அவ்வாறிருந்தும் முதலாவது மந்திரிசபையிற் பெரி. சுந்தரமும் மாக்கான் மாக்காரும் இடம்பெற்றனர். மலையகத் தமிழரொருவர் தொழில் மந்திரியாயிருந்தார் என்பது இன்று பலருக்கு வியப்பூட்டலாம். 1936இல் எழுவரும் சிங்களவராயினர். இம்மாற்றத்துக்கு யாப்பில் ஓர் எழுத்துத்தானும் திருத்தப்படவில்லை. ஒரு குழுவில் ஏறத்தாழ எட்டுப்பேர். எனவே தலைவரைத் தெரிய ஐந்து வாக்குகள் போதும். ஏழு குழுக்களிலும் ஐவர் ஐவராக முப்பத்தைந்து பேரைத் திட்டமிட்டுப் பகிர்ந்துவிட்டால் ஏழு தலைமைகளும் கைக்கு வந்துவிடும். இக்கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம் எனக் கூறப்படுவதுண்டு. எவர் போட்டதாயினும் கணக்குச் சரியானதே. ஒருமித்த மந்திரிசபை இருந்தாற்றான் பிரித்தானியரிடம் சீர்திருத்தம் கோரலாம் என்று அதற்கு நியாயமும் கற்பிக்கப்பட்டது.

சிறுபான்மையினருக்கும் பங்களிக்கும் என்று கருதப்பட்ட குழுமுறையே அவர்களைப் புறந்தள்ளும் கருவியாகவும் பயன்பட்டது. தமிழ்த் தலைமை இதிலிருந்து கற்றுக்கொண்டது ஆசனக் கணக்கை மட்டுமே. ஜி. ஜி. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கைம்பது கோரிக்கை அதன் விளைவு. இரு மந்திரிசபைகளிலும் அமர்ந்தோர் பெரும்பாலும் நிலவுடைமையாளரும் வழக்கறிஞருமான மேற்தட்டினரே என்பதையோ, தோட்டத் தொழிலாளியின் குரல் எக்குழுவறைக்குட் செல்லக்கூடும் என்பதையோ அத்தலைமை வினாவவில்லை.

எனினும் இக்குழுமுறையை முற்றாகப் பழித்தல் நேர்மையாகாது. இலவசக் கல்வி அதனூடாகவே வந்தது. கன்னங்கரா தலைமையிற் கல்வி நிருவாகக் குழு ஆண்டுக்கணக்கில் ஆற்றிய பணி, 1943இல் வெளிவந்த விசேட கல்விக் குழு அறிக்கையாகத் திரண்டது. கட்டணப் பாடசாலைகளைச் சார்ந்தோரின் எதிர்ப்பை மீறி 1945இல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டுப்பொறுப்பால் வாய்கட்டப்பட்ட ஓர் அமைச்சர் இவ்வளவு தூரம் சென்றிருப்பாரா என்பது ஐயமே. ஆனால் அறிக்கையின் வாசல் எல்லோருக்கும் ஒருபடித்தாய்த் திறக்கவில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை தோட்டப் பாடசாலைகள் பொதுக் கல்வியமைப்பின் புறத்தேயே நின்றன.

1944 மே மாதத்தில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையான உதாரணம். சிங்களத்தை அரச கரும மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜெயவர்த்தனா சபைமுன் வைத்தார். கிழக்கு மாகாண உறுப்பினர் வி. நல்லையா தமிழையும் சேர்க்குமாறு திருத்தம் கொணர, அது ஏற்கப்பட்டது. கட்சிக் கொறடா இல்லாத சபையாதலின் ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனியே இணங்கச் செய்யும் வழி அங்கிருந்தது. தீர்மானம் தெரிகுழுவொன்றிடம் சென்று 1946இல் அறிக்கையும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமைச்சரவை முறை வந்தபோது அந்த வழி அடைபட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் இரு சொற்களாற் பெறப்பட்டதை 1956ஆம் ஆண்டு அரச கரும மொழிச் சட்டத்தில் எத்திருத்தத்தாலும் பெற முடியவில்லை. மசோதா சபைக்கு வருமுன்னரே அதன் முடிவு கட்சிக்குள் தீர்ந்துவிட்டிருந்தது.

சோல்பரி யாப்பு நிருவாகக் குழுக்களை நீக்கியமைக்குத் திறமையான நிருவாகம் என்பதே காரணமாகக் காட்டப்பட்டது. குழுமுறையில் தாமதமும் இழுபறியும் இருந்தமை உண்மையே. ஆனால் வேகம் யாருக்கு வேண்டப்பட்டது என்பதை அதன் பிந்திய வளர்ச்சியிற் காணலாம். 1978 யாப்பு இயற்றப்பட்டபோதிருந்த ஏற்பாட்டின்கீழ் அமைச்சரவை ஒரு மசோதாவை அவசரமானதெனக் குறித்துவிட்டால், முன்கூட்டி வர்த்தமானியில் வெளியிடவேண்டியிருக்கவில்லை. அதன் யாப்புப் பொருத்தம்பற்றி உயர் நீதிமன்றம் 24 மணித்தியாலத்துள், மிஞ்சினால் மூன்று நாட்களுள், கருத்துரைக்கவேண்டியிருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்வழியே வந்து 1979 யூலை 19ஆம் திகதி ஒரே நாளில் நிறைவேறியது. எந்தக் குழுவும் அதனை வரிவரியாக ஆராயவில்லை. எவரைத் தடுத்து வைக்க அது இயற்றப்பட்டதோ அவர் அதனைப் படித்துப் பார்க்கவும் அவகாசமில்லை. மூன்றாண்டுக்கென இயற்றப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.