பாறைமேல் நான்கு மாதத் தோட்டம்

"பாறையில் போய் என்ன செடி எண்ணுகிறாய்?" என்று விடுதியில் நம் நண்பர்கள் என்னைக் கேட்காத நாளில்லை. கேள்வி வேடிக்கையானதுதான், ஆயினும் அதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருப்பதால், நம் சங்க ஏட்டின் வாயிலாகவே விடை கூற முற்படுகிறேன்.

புனேயிலிருந்து மலையிறங்கி ரத்தினகிரி மாவட்டத்துக்குச் சென்றால், கடலுக்கும் சஹ்யாத்ரிக்கும் நடுவே உச்சி தட்டையான செம்புரான்கல் மேடுகளைக் காணலாம். மராத்தியர் அவற்றைச் ‘சடா’ என்பர். புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர்களுக்கு அந்தக் கல்லை நான் விளக்க வேண்டியதில்லை. மேலே மண் விரற்கடை அளவே. பல இடங்களில் அதுவும் இல்லை. மே மாதத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல்லும் கறுத்த பாறையும்தான். நிலக் கணக்குகளிலும் இவை பெரும்பாலும் ‘தரிசு’ என்றே குறிக்கப்படுகின்றன. தொழிற்சாலைக்கு இடம் தேடுவோரின் கண் இங்கே விழுவதில் வியப்பென்ன? வயல் போகாது, வீடு போகாது.

ஜூனில் மழை இறங்கட்டும், அப்போது பார்க்கவேண்டும்! பாறைக் குழிகளெல்லாம் குட்டைகளாகின்றன. ஓரிரு வாரங்களில் மண்ணுக்குள் உறங்கிய கிழங்குகள் தளிர்விடுகின்றன. வெண்பூக் கொத்துடன் ‘டிப்காடி கொங்கனென்சி’ எழும்புகிறது. பெயரே சொல்வதுபோல் அது கொங்கணத்துச் செடி. குட்டைகளில் நம் ஔவையார் மூதுரையில் சொல்லும் கொட்டியின் உறவினம் மிதக்கிறது. ஆகஸ்டில் நம்மூர் அழுகண்ணி பசைத்துளிகளோடு பூச்சிக்குக் காத்திருக்கும். அதனருகே நீலப்பூப் பூக்கும் யூட்ரிகுலேரியா, ஈர மண்ணுக்குள் கடுகினும் சிறிய பைகளை வைத்திருக்கிறது. பையின் வாயிலுள்ள மயிரை ஒரு நுண்ணுயிர் தீண்டினால் போதும். கண்ணிமைக்குமுன் கதவு திறந்து, நீரோடு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாறை மண்ணில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு; ஆகவே இவை பூச்சி தின்று பிழைக்கின்றன. அக்டோபர் கழிந்தால் எல்லாம் மறைந்துவிடும். 2012 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற சாத்தாரா மாவட்டத்துக் காஸ் மேடும் இத்தகையதே. அங்கே செப்டம்பரில் கூட்டம் தாங்காது. கொங்கணத்து மேடுகளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2006 செப்டம்பர் 14 ஆம் நாள் வெளியான மத்திய அரசின் அறிவிக்கைப்படி, பெருந் தொழில்கள் பலவற்றுக்கு முன்னனுமதி வேண்டும். அதற்குச் சுற்றுச்சூழல் அறிக்கை வேண்டும். இதற்கான அளவுகளை மழைக்காலம் நீங்கலாக ஏதேனும் ஒரு பருவத்தில் எடுப்பது வழக்கம். காற்றிலுள்ள தூசியை அளக்க அது சரிதான். மழை தூசியைக் கழுவிவிடுமன்றோ? ஆனால் அதே பயணத்தில் செடிகளையும் எண்ணிவிடுகிறார்களே, அங்கேதான் வந்தது வினை. செயற்கைக்கோள் படத்தை நம்பலாமென்றால், 2011 இல் வெளியான தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்த நீர்நிலைகள் வெறும் புள்ளிகளே. என் குட்டைகள் சிலவற்றை நான் நான்கு எட்டில் கடந்துவிடுவேன்.

ஆலைக்கென எல்லைக்கல் நட்ட ஒரு மேட்டுக்குச் சென்ற ஆண்டு என் பேராசிரியருடன் போயிருந்தேன். கோடையில் தயாரான அறிக்கை ஒன்று முன்பே இருந்தது. சரிவிலுள்ள மா, முந்திரி மரங்களுக்கு அதில் இரண்டு பக்கம். பாறைக்கு ஒரே வரி. எழுதியவர் பொய் எழுதவில்லை. மே மாதத்தில் அங்கே உண்மையாகவே ஒன்றுமில்லை.

எங்கள் வேலை எளிது, ஆனால் முதுகு ஒடியும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பாறையில் வைத்து, உள்ளே எத்தனை இனம், ஒவ்வொன்றிலும் எத்தனை செடி, எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று குறிக்கவேண்டும். இனிப் புது இனம் வருவதில்லை என்னும்வரை சட்டத்தை நகர்த்தி வைத்துக்கொண்டே போகவேண்டும். ஒரு சதுரத்தில் பதினொரு இனங்கள் கண்டோம். பாறை, குட்டை, குட்டையோரம் மூன்றிலும் தனித்தனியே எண்ணவேண்டும். ஒன்றில் வாழ்வது மற்றதில் வாழாது.

ஒருமுறை சென்றாலும் போதாது. வெள்ளைப் பொத்தான் போன்ற தலையுடைய எரியோகாலன் இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். பலவற்றை விதைத் தோலின் வரிகளை நுண்ணோக்கியில் கண்டால்தான் பிரித்தறியலாம். விதை முற்றுவது மழையின் கடைசியில். டிப்காடி அதற்குள் மண்ணுக்குள் போய்விடும். எனவே ஜூன் முதல் அக்டோபர் வரை குறைந்தது நான்கு பயணம். பறித்ததைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, நாளும் இடமும் எழுதி, இந்தியத் தாவர ஆய்வகத்தின் மாதிரிகளோடு ஒப்பிடவேண்டும். 1955 முதல் அதன் கிளைகள் புனேயிலும், நம் கோயம்புத்தூரிலும் உள்ளன.

செடியோடு முடியும் கதையுமன்று இது. சடாவில் பெய்யும் மழை கல்லின் துளைகளில் இறங்கி, சரிவில் ஊற்றாகி, கீழூர்க் கிணறுகளுக்கு வருகிறது. ஈடாக வேறிடத்தில் மரம் நடுவதாகச் சொல்கிறார்கள். சில வேளை மேட்டின் எஞ்சிய பாறையிலேயே லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நடுகிறார்கள். எரியோகாலனின் விதை மணலைவிடப் பருமனில்லை. அது முளைப்பது விரற்கடை மண்ணில். கொட்டிய மண்ணுக்கடியில் முதலில் புதைவது அதுதான்.