கண்டியின் தோற்கருவிகளும் கீபோர்டின் ஆயத்த ஒலிகளும்

மின்னணு இசைக்கருவிகளுக்குப் பொதுவான ஓர் ஒழுங்கை வகுக்கும் பொருட்டு 1991ஆம் ஆண்டில் வெளியான 'ஜெனரல் மிடி' என்னும் நியமம், எந்த நிறுவனத்தின் கீபோர்டாயினும் ஒரே எண்ணில் ஒரே வகை ஒலி கிடைக்க வேண்டும் என்பதற்காக 128 ஒலிகளை வரிசைப்படுத்தியது. அந்த வரிசையில் 105ஆவது சிதார், 112ஆவது ஷெனாய். தெற்காசிய இசைக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. தாளத்துக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட 47 ஒலிகளில் கியூபாவின் பொங்கோவும் கொங்காவும், பிரேசிலின் குயிக்காவும் உண்டு. மிருதங்கமும் தபேலாவும் தவிலும் இல்லை. கண்டி தலதா மாளிகையில் மூன்று வேளைப் பூசையின்போதும் எசல பெரஹெரவின்போதும் முழங்குகின்ற கெட்ட பெரய, தவுல, தம்மெட்டம ஆகியவற்றுக்கோ, ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை போன்ற மலையகத் தோட்டங்களில் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் அடிக்கப்படுகின்ற தப்புக்கோ அந்தப் பட்டியலில் இடம் கிடைத்திருக்கும் என எதிர்பார்ப்பதற்கே வழியில்லை. பின்னர் வந்த கீபோர்டுகள் சிலவற்றில் இந்தியச் சந்தையைக் கருதித் தபேலாவும் மிருதங்கமும் சேர்க்கப்பட்டனவாயினும், கண்டியின் தோற்கருவிகளைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் மாறவில்லை.

கீபோர்ட் வாசிப்போர் 'டோன்' என்று அழைக்கின்ற, கருவியைத் தயாரித்தவர்களே முன்கூட்டி அமைத்து நினைவகத்தில் பதித்துவைத்திருக்கும் ஒலியே பிரீசெட் எனப்படும் ஆயத்த ஒலி. பாடசாலை விஞ்ஞானத்தில் ஒலிக்கு மூன்று சிறப்பியல்புகள் சொல்லப்படுகின்றன: அதிர்வின் மீடிறனைப் பொறுத்த சுருதி, வீச்சத்தைப் பொறுத்த உரப்பு, ஒரே சுருதியில் ஒலிக்கும் வயலினையும் புல்லாங்குழலையும் காதுக்கு வேறுபடுத்திக் காட்டும் ஒலியின் பண்பு. வாசிப்பவரின் விரல் முதலிரண்டையும் தீர்மானிக்கிறது. மூன்றாவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொழிற்சாலை. அந்த மூன்றாவதையும் இசைஞர் தம் கைக்குள் கொண்டுவருவதே ஒலி வடிவமைப்பு.

சிந்தசைசர் என்னும் ஒலித்தொகுப்புக் கருவி பிறந்தபோது ஆயத்த ஒலி என்ற ஒன்றே இருக்கவில்லை. ரொபர்ட் மூக் 1964இல் உருவாக்கிக் காட்டிய கருவியில், அலையைப் பிறப்பிக்கும் அலையியற்றி, வேண்டாத மீடிறன்களை அகற்றும் வடிகட்டி, ஓர் ஒலி எழுந்து தணிந்து நிலைத்து மறையும் காலப்போக்கை வகுக்கும் உறைவடிவம் ஆகிய பகுதிகளை வடங்களால் இணைத்தே ஒவ்வோர் ஒலியும் பெறப்பட்டது. வடத்தைக் கழற்றினால் ஒலியும் போய்விடும். 1970இல் வந்த மினிமூக் வடங்களை ஒழித்ததே தவிர, அதிலும் நினைவகம் இல்லாமையால், குமிழ்கள் இருந்த நிலையைத் தாளில் வரைந்துவைப்பது வழக்கமாயிற்று. டேவ் ஸ்மித்தின் நிறுவனம் 1978இல் வெளியிட்ட புரொபெட்-5, நுண்செயலியின் துணையால் 40 ஒலிகளைச் சேமித்து ஒரு பொத்தானில் மீட்டுத் தந்தபோதுதான் ஆயத்த ஒலி இசைஞரின் அன்றாடத்துக்குள் நுழைந்தது.

அதை உலகெங்கும் பரப்பியது 1983இல் வெளியான யமஹா டிஎக்ஸ்7. ஓர் அலையின் மீடிறனை இன்னோர் அலையைக் கொண்டு மிக விரைவாக ஏற்றியிறக்கினால், இரண்டிலும் இல்லாத புதிய மீடிறன்கள் பல தோன்றுகின்றன. மீடிறன் மட்டிசைப்பு என்னும் இந்த முறையின் இசைப் பயனை 1967ஆம் ஆண்டளவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர் ஜோன் சவ்னிங். ஆறு அலையியற்றிகளும் அவற்றை இணைக்கும் 32 ஒழுங்குகளும் கொண்ட அக்கருவி அளவற்ற ஒலிகளைத் தரவல்லது. ஆயினும் குமிழ்கள் நிறைந்த முகப்புக்குப் பதிலாகச் சிறு திரையும் தட்டையான பொத்தான்களும் மட்டுமே இருந்ததால், ஒலியை மாற்றுவது பலருக்குக் கடினமாயிற்று. அதன் மின்பியானோ ஒலி எண்பதுகளின் மேற்குலகப் பாடல்களில் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். அதே கருவியில் இசைஞர் பிரையன் ஈனோ தமக்குரிய ஒலிகளைத் தாமே வகுத்துக்கொண்டார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆயத்த ஒலியைப் பயன்படுத்துவதைச் சோம்பல் என்று இகழ்வோர் உண்டு. அந்த இகழ்ச்சி நியாயமானதன்று. கல்யாண மண்டபத்தில் ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையே சில வினாடிகளில் நாதஸ்வரத்திலிருந்து வயலின் கூட்டத்துக்கு மாற வேண்டியவர் அங்கே நின்று அலையியற்றியைத் திருத்திக்கொண்டிருக்க இயலாது. மேலும், ஆயத்த ஒலி ஒவ்வொன்றும் ஒரு கலைஞரின் உழைப்பு: 1987இல் வந்த ரோலண்ட் டி-50இன் புகழ்பெற்ற ஒலிகள் பலவற்றை வடிவமைத்தவர் எரிக் பெர்சிங், அவரது செவிநுட்பம் இன்றும் வியக்கத்தக்கது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒலியை வடிவமைத்தவர் எதைக் கேட்டு வளர்ந்தாரோ அதற்கேற்பவே அவரது ஒலிகள் அமையும். அவர் கேட்டறியாத கருவியின் இடத்தில் ஒன்றும் இருக்காது, அல்லது அதன் மேலோட்டமான சாயல் ஒன்றே இருக்கும். கண்டியின் ஹொரணா என்னும் குழற்கருவியையோ கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் நாதஸ்வரத்தையோ கீபோர்டில் தேடுபவர் 112ஆம் எண்ணின் ஷெனாயோடு நின்றுவிட நேர்வது அதனால்தான்.

கருவியைச் செய்தவர் எண்ணாத பயனை அதிலிருந்து பெற்றவர்களுக்கு இந்தியாவிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் இசைஞர் டேவிட் டியூடரின் துணையுடன் மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடம் அமைக்கப்பட்டு, இந்திய இசைஞர்கள் சிலர் அதில் முற்றிலும் புதிய ஒலிகளைத் தேடினர். பம்பாய்த் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து வெளியிட்ட இசைத்தட்டு இன்னும் தெளிவான சான்று. கித்தார் வாசிப்போருக்குப் பக்கத்துணையாக ஆழ்சுருதி இசைக்கவென ரோலண்ட் நிறுவனம் செய்த டிபி-303 என்னும் சிறு கருவியில், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. இராகத்தின் வளைவுகளுக்கு அது உதவும் என்பதைச் சிங் கண்டுகொண்டார். அதே கருவியின் குமிழ்களைத் திருகிச் சிகாகோ இளைஞர்கள் 'அசிட் ஹவுஸ்' என்னும் நடன இசையை உலகறியச் செய்தது ஐந்தாண்டுகள் கழித்து, 1987இல்.

இனிக் கண்டியின் தோற்கருவிகளுக்கு வரலாம். ஒலி வடிவமைப்பின் அறிவியல் மிக வளமாக விளங்குவது இங்கேதான். இழுத்துக்கட்டிய கம்பி அதிரும்போது எழும் மேற்றொனிகள், அடிப்படை மீடிறனின் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளில் ஒழுங்காக அமைகின்றன. ஆகவே காது அதைத் தெளிவான சுரமாக ஏற்கிறது. வட்டமான தோலோ அப்படி அதிர்வதில்லை. அதன் மேற்றொனிகள் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 மடங்குகளில் விழுகின்றன. அடிப்படை மீடிறன் 200 ஹேர்ட்ஸ் என்று கொண்டால் அடுத்தவை 319, 427, 459 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். ஒன்றோடொன்று இசையாத இந்தக் கூட்டமே பறையொலியின் கனத்துக்கும் கரகரப்புக்கும் காரணம். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பப்படும் கரிய சாந்து, தோலின் நடுப்பகுதியைக் கனமாக்கி இந்த மேற்றொனிகளை முழு மடங்குகளுக்கு அருகில் இழுத்துவருகிறது என்பதை சி. வி. இராமன் 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினார். சாந்து பூசாத தப்பின் தோல் இயற்கையான ஒழுங்கின்மையோடு அதிர்கிறது. எனவே சுருதி சேர்ந்த ஓர் ஆயத்த மேள ஒலியை எடுத்து எத்தனை திருத்தினாலும் தப்பு பிறக்காது. மேற்றொனிகளின் விகிதத்தையே மாற்றி அமைக்க வேண்டும். முழு மடங்கல்லாத அத்தகைய விகிதங்களைப் பெற இடம்தருவது சவ்னிங்கின் முறை.

தப்பைக் கணினியில் கட்ட முனைபவர் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. தோலின் நட்டநடுவே அடித்தால் வட்டச் சமச்சீருள்ள அதிர்வுகள் மட்டும் கிளர்கின்றன, விளிம்பருகே அடித்தால் மற்றவையும் எழுகின்றன. குட்டையான தடித்த குச்சியும் நீண்ட மெல்லிய குச்சியும் ஒரே தோலில் இரு வேறு ஒலிகளை எழுப்புவதற்கு, குச்சியின் எடையோடு அடி விழும் இடமும் காரணமாகிறது. பலமாக அடிக்கும் கணத்தில் தோல் நீண்டு அதன் இழுவை சற்றே கூடுவதால், ஒலி சிறிது உயர்ந்த சுருதியில் தொடங்கி உடனே தாழ்கிறது. காது இதைத் தனியே அறிவதில்லை, இல்லாதபோது மட்டும் ஏதோ குறைவதாக உணர்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தோல் ஈரத்தை உறிஞ்சும் பொருள். கண்டி மலைகளின் ஈரக்காற்றில் தப்பு தளர்ந்துவிடுவதால் அதை நெருப்பில் காய்ச்சி இறுக்கிய பின்னரே அடிக்கத் தொடங்குகின்றனர். அடிக்க அடிக்க அது மெல்லத் தளர்ந்து, மீண்டும் நெருப்பருகே செல்கிறது. ஒரு கணத்தைப் பதிவுசெய்து உறையவைத்த ஆயத்த ஒலியில் இந்தத் தளர்ச்சியும் இறுக்கமும் இல்லை. ஒலியைத் தாமே வடிவமைப்பவரோ, இழுவை என்னும் ஒரே அளவுருவை நிமிடக்கணக்கில் மெதுவாகக் குறையவிட்டு அதைப் பெற்றுவிடலாம்.

கண்டிய நடனத்தில் இடம்பெறும் உடெக்கி என்னும் இடை சிறுத்த கைப்பறையும், கோயில்களில் ஒலிக்கும் உடுக்கையும் இதே விதியைக் கண்முன்னே காட்டுகின்றன. இடையில் ஓடும் கயிறுகளைக் கை அழுத்தும்போது தோலின் இழுவை கூடிச் சுருதி ஏறுகிறது. மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாதலால், சுருதியை ஒரு ஸ்தாயி உயர்த்த இழுவையை நான்கு மடங்காக்க வேண்டும். கலைஞரின் கைப்பழக்கம் இந்தக் கணக்கை எழுதாமலே அறிந்திருக்கிறது. கீபோர்டின் சுருதிச் சக்கரத்தை நேர்கோட்டில் நகர்த்தினால் உடுக்கையின் விம்மல் வருவதில்லை என்பதற்கு ஒரு விளக்கமும் இதில் உண்டு: கை அழுத்தமும் சுருதியும் ஒரே படியில் ஏறுவதில்லை.

பெரஹெரவின் முழக்கம் வேறொரு பாடம். கெட்ட பெரய கற்பவர் தத், ஜித், தொம், நம் என்னும் நான்கு சொற்கட்டுகளில் தொடங்குகிறார். வீதியில் பலர் ஒன்றாக அதை வாசிக்கும்போது, ஒவ்வொருவரின் பறையும் சுருதியில் நூலளவும், அடி விழும் நேரத்தில் சில மில்லி வினாடிகளும் வேறுபடுகின்றன. இந்தச் சிறு வேற்றுமைகள் சேர்ந்தே அகன்ற முழக்கமாகின்றன. ஒரே பதிவை இருபது தடவை பெருக்கினால் கிடைப்பது உரத்த ஒற்றைப் பறை மட்டுமே. ஒவ்வோர் அடிக்கும் சுருதி, நேரம், அடிபடும் இடம் ஆகியவற்றில் தற்செயலான சிறு மாற்றத்தைப் புகுத்துவது, சொந்தமாகக் கட்டிய ஒலியில் மிக எளிது.

இதற்கான கருவிகள் இன்று விலைகொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. கெவின் கார்பிளஸ், அலெக்ஸ் ஸ்ட்ரோங் ஆகியோர் 1983இல் வெளியிட்ட எளிய வழிமுறை, இரைச்சல் துணுக்கு ஒன்றைச் சிறு தாமதத்தோடு சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த பெறுமானங்களைச் சராசரியாக்குவதன் மூலம் மீட்டிய நரம்பின் ஒலியைத் தருகிறது. சிறு மாற்றத்துடன் அதுவே தோற்கருவி ஒலியையும் தரும் என அவர்களே காட்டினர். மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா, ஜேம்ஸ் மெக்கார்ட்னி உருவாக்கிய சூப்பர்கொலைடர் ஆகிய மென்பொருள்கள் இலவசமானவை. சாதாரண மடிக்கணினியில் இயங்குபவை. உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவருக்கு இவற்றில் தொடங்கப் போதிய அறிவு ஏற்கெனவே உண்டு. ஆயத்த ஒலிகளையும் பாடமாகக் கொள்ளலாம்: ஒன்றைத் திறந்து, வடிகட்டியை முழுவதும் விலக்கி, உறைவடிவத்தைத் தட்டையாக்கி, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று கேட்டறிந்தபின் மீண்டும் கட்டுவதே வடிவமைப்பைக் கற்க மிகச் சிறந்த வழி.

பதிவுசெய்த ஒலியை எடுத்தாள்வதும் ஒரு வழியே. இலண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2005இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பின் பெரும்பகுதி ரோலண்ட் எம்சி-505 என்னும் ஒரே பெட்டியிலிருந்து கிளைத்தது. 2007இல் வந்த அடுத்த தொகுப்புக்கு அவர் தமிழ்நாட்டு உறுமிக் கலைஞர்களைத் தேடிச் சென்றார். பெட்டியில் இல்லாத ஒலி வேண்டியபோது அதை வாசிக்கும் மனிதரிடம் போனது சரியான முடிவு.

கண்டியிலும் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டு என்னும் காலைக் கூட்டத்துக்கு அழைத்த தப்பை அடித்தவர்களுக்கும், பரம்பரையாக மாளிகைச் சேவையில் பறை வாசிப்பவர்களுக்கும், அவர்களது கலைக்கு ஈடான மதிப்பைச் சமூகம் நெடுங்காலம் தரவில்லை; அவர்களது ஒலியைக் கோப்பாக்கிப் பெயரின்றிப் பரப்புவது அந்த அநீதியைக் கணினிக்குள்ளும் தொடர்வதாகும். பதிவுசெய்பவர்கள் கலைஞரின் பெயரை எழுத வேண்டும், உரிய ஊதியம் தர வேண்டும், வழிபாட்டுக்குரிய வாசிப்பு எது, பொதுவில் பயன்படுத்தத் தக்கது எது என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகமும் கண்டி நகரின் பெரிய பாடசாலைகளும் தோட்டங்களிலிருந்து தொலைவில் இல்லை. இசை ஆசிரியரும் பௌதிகவியல் ஆசிரியரும் ஒரு தப்புக் கலைஞரும் ஒரே வகுப்பறையில் ஒரு பிற்பகல் அமர முன்வந்தால், அடுத்த தலைமுறையின் கீபோர்டில் தப்புக்கென ஓர் எண் இருக்கும். அதை வடிவமைத்தவரின் ஊர் கலஹாவாகவோ தெல்தோட்டையாகவோ இருக்கும். அந்த வகுப்பை இந்த ஆண்டே தொடங்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.