கடலூரில் நடந்த கல்யாணம்
மை தொட்ட காதல்கள் – 14

'பிகமிங் ஜேன்' (2007). இருபது வயது ஜேன் ஆஸ்டன், கையில் காசில்லாத ஐரிஷ் சட்ட மாணவன் டாம் லெஃப்ராய். மற்றதைப் போன வாரமே சொல்லியாயிற்று. புதிதாக வந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் ஜேனின் 1796 ஜனவரிக் கடிதம் என்று சொல்லியிருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். நடுவில் எலைசா வந்து வழிமறித்துவிட்டாள்.

படத்தில் லூசி கோஹு நடித்த சீமாட்டி. பிரெஞ்சுக் கணவனைக் கில்லட்டினுக்குப் பறிகொடுத்தவள், ஜேனின் அண்ணன் ஹென்றியை வளைத்துப் போடுபவள். ஜேனுக்கு அத்தை மகள். பிறந்தது 1761-இல், கல்கத்தாவில். அவளைப் பெற்றவளுக்குக் கல்யாணம் நடந்த ஊர்? கடலூர்! நம் கடலூரேதான்.

பிலடெல்ஃபியா, ஜேனின் அப்பாவுக்கு அக்காள். தாய் தகப்பன் இல்லை. லண்டன் கோவென்ட் கார்டனில் தொப்பி தைப்பவரிடம் தொழில் பழக விட்டார்கள். சீர் செய்ய ஆளில்லாத வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அன்று ஒரு வழி இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தனைத் தேடி இந்தியாவுக்குக் கப்பலேறுவது. 1752 ஜனவரியில் ஏறியவள் ஆகஸ்டில் சென்னையில் இறங்கினாள். அடுத்த பிப்ரவரியில் கம்பெனி மருத்துவர் டைசோ சால் ஹான்காக்குக்குக் கடலூரில் கழுத்தை நீட்டிவிட்டாள். அதே மாதம் சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தில் இன்னொரு கல்யாணம். மாப்பிள்ளை ராபர்ட் கிளைவ். 1753 மாசியில் முகூர்த்தம் அமோகம்போல. தேவனாம்பட்டினத்தில் கம்பெனி வைத்திருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுக்காரர் லாலி பிடித்து இடித்த கதையை இங்கே தொடங்கினால் ஆசிரியர் என்னை இடிப்பார்.

எலைசாவின் ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸ். அவள் பேருக்கு 10,000 பவுண்டு எழுதிவைத்தார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, அள்ளிக் கொடுக்கும் ஞானத்தந்தை. ஊர் வாய் சும்மா இருக்குமா? 1797 கடைசியில் ஹென்றி அவளைக் கட்டிக்கொண்டான். பத்து வயது மூத்தவள், ஆனாலும் முறைப்பெண்!

இவ்வளவும் எதற்கு என்றால், படத்தின் மேல் எனக்குள்ள பெரிய சண்டை இங்கேதான். லெஃப்ராயோடு ஓடிப்போகக் கிளம்பிய ஜேன், அவனை நம்பி ஐரிஷ் குடும்பமே இருப்பதை வழியில் அறிந்து திரும்புகிறாள். கல்யாணத்துக்குள் இருக்கும் பணக்கணக்கு அவளுக்கு அப்படித்தான் புரிந்தது என்கிற மாதிரி கதை போகிறது. அந்த ஓட்டமே திரைக்கதை கட்டிய கற்பனை. கணக்கைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு லெஃப்ராய் எதற்கு? 1792-இல், பதினாறு வயதில், 'கேதரின்' என்ற கதையை எழுதிப் பாதியில் விட்டாள். அதில் ஓர் அநாதைப் பெண்ணை மாப்பிள்ளை தேடி வங்காளத்துக்கு அனுப்புகிறார்கள். வசதியான புருஷன் கிடைக்கிறான்; நிம்மதி கிடைப்பதில்லை. லெஃப்ராய் ஹாம்ப்ஷயருக்கு வந்து அவளோடு ஆடியது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1795 கிறிஸ்துமஸ் சமயத்தில். அத்தை கதையைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்குக் காதல் தோற்றுத்தான் உலகம் புரிய வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் பிடிவாதம்.

கடிதம் அடுத்த வாரம், சத்தியமாக. லெஃப்ராய் போட்டுக்கொண்டு வரும் வெளிர்நிறக் கோட்டை ஜேன் அதில்தான் கிண்டலடிக்கிறாள். அந்தக் கிண்டல் புரிய, ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்ஸ்' நாவல் கையில் கிடைத்தால் அதற்குள் புரட்டி வையுங்கள்.