துரத்தல் முடிந்த பின்னும் முதுமையடையும் இருக்கைகள்

1968இல் வெளியான 'புல்லிட்' படத்தின் கதை பலருக்கு மறந்திருக்கும். ஆனால் சன் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பச்சை மஸ்டாங் காரும் கறுப்பு டொட்ஜ் சார்ஜரும் ஏறக்குறைய 11 நிமிடங்கள் ஓடும் துரத்தலை எவரும் மறக்கவில்லை. அப்படத்தின் படத்தொகுப்பு பிராங்க் கெல்லருக்கு ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்தது.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் இக்காட்சியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். வேகம் பிடித்ததும் இசை நின்றுவிடுகிறது. இயந்திரத்தின் உறுமலும் ரயர்களின் கிறீச்சலும் மட்டுமே கேட்கின்றன. கமரா காருக்குள் வந்து, ஸ்டீவ் மக்குவீனின் பின்னால் நம்மை உட்கார வைக்கிறது.

அந்த உட்புறம் கறுப்பு வைனைலால் ஆனது. நாம் பேச்சுவழக்கில் ரெக்சின் என்கிறோமே, அந்த வகைதான். காரில் விரைவாக முதுமையடையும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

வைனைல் என்பது பிவிசி. இயல்பில் அது தண்ணீர்க் குழாய்போல் விறைப்பானது. இருக்கை உறையாக வளைவதற்கு அதில் எண்ணெய் போன்ற மென்மையாக்கிகளைக் கலக்கிறார்கள். இவை பிவிசியுடன் இரசாயனப் பிணைப்பில் இல்லாததால், காலப்போக்கில் வெளியேறுகின்றன. வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடியில் உட்புறமாகப் படியும் மங்கலான படலத்தில் அவையும் உண்டு. சூரியனின் புறஊதாக் கதிர்களோ பிவிசியின் மூலக்கூற்றுச் சங்கிலிகளையே சிதைக்கின்றன. உறை இறுகிச் சுருங்கும், தையல் கிழியும், டாஷ்போர்ட் வெடிக்கும். பளபளப்பூட்டும் திரவங்கள் இழந்த மென்மையை மீட்டுத் தருவதில்லை. நிழலும் மிதமான வெப்பமும் ஈரத்துணியால் துடைப்பதும் சிதைவைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது.

அப்படியானால் புதிய உறை போடலாமே? மஸ்டாங்குக்கு அதே வடிவில் புதிய உறைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அன்றாடம் ஓடும் காருக்கு அதுவே சரி. ஆனால் மக்குவீன் ஓட்டிய காரின் கதை வேறு. 1974இல் அதை வாங்கிய குடும்பம் அன்றாடப் பயணத்துக்கே பயன்படுத்தியது. 1977இல் மக்குவீனே கடிதம் எழுதித் திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை. பல தசாப்தங்கள் மறைவில் இருந்த அந்தக் கார் 2018இல் பொதுவெளிக்கு வந்தது. 2020 ஜனவரியில், மங்கிய வர்ணத்துடனும் தேய்மானத்துடனும் அப்படியே ஏலத்துக்குப் போய், கட்டணங்கள் உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விற்பனையானது.

திரையில் அந்தக் கார் என்றும் 1968இலேயே நிற்கிறது. உண்மையான கார் அதன்பின் வாழ்ந்த ஆண்டுகளுக்குத் தேய்ந்த உட்புறமே சாட்சி. எந்தக் கடையும் அதற்கு மாற்று விற்பதில்லை.