கண்ணுக்குள்ளே ஒரு டிராஃபிக் ஜாம்!

இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நாலு வரி படியுங்கள். அடுத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு நாலு வரி. (பக்கத்து ஸீட்காரர் முறைத்தால், ‘வேண்டுதல் சார்’ என்று சமாளியுங்கள்!)

இரண்டிலும் ஒரே மாதிரி தெரிகிறதா? சந்தோஷம். ஒரு கண்ணில் மட்டும் எழுத்து கலங்கலாகவோ, வரி நெளிந்தோ புதிதாகத் தெரிந்தால்... மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் கண் டாக்டரிடம் போங்கள்.

எதற்கு இந்த விளையாட்டு? ரெட்டினா எனப்படும் விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாளம் அடைபட்டால், பெரும்பாலும் வலி கிடையாது. கண் சிவக்காது. ராத்திரி நன்றாகத் தூங்கி, காலையில் எழுந்தால் ஒரு கண்ணில் பனிமூட்டம். அதையும் அடுத்த கண் பெருந்தன்மையாக ஈடுகட்டிவிடும். ‘நாள் முழுக்க கம்ப்யூட்டரையே பார்க்கறோம்ல, அதான்’ என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆபத்தே அங்கேதான்!

ஜாம் எங்கே?

ரெட்டினாவுக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி. திரும்பக் கொண்டுபோவது சிரை. சில இடங்களில் இரண்டும் குறுக்கே சந்திக்கின்றன. அங்கே இரண்டுக்கும் ஒரே உறை. பி.பி.யால் தமனி தடித்து இறுகினால், கூடவே இருக்கும் மெல்லிய சிரையை அமுக்குகிறது. ரத்தம் தேங்கி, உறைந்து, ‘ரோடு பிளாக்’!

கிளைச் சிரை அடைபட்டால் பார்வையில் ஒரு பகுதி கெடும். மெயின் ரோடு மாதிரியான நடுச் சிரையே அடைபட்டால் முழுப் பார்வையும் கலங்கும். போக வழியில்லாமல் ரத்தமும் நீரும் கசியும். படிக்கவும், முகம் அடையாளம் காணவும் உதவுகிற மாக்குலா என்ற நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கும். பார்வை மங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த வீக்கம்தான்.

யாருக்கு வரும்?

50 வயது தாண்டியவர்களுக்கு அதிகம். பி.பி., சுகர், ரத்தக் கொழுப்பு, கண் அழுத்த நோயான குளுக்கோமா, சிகரெட்... இவையெல்லாம் கூட்டாளிகள். ‘எனக்கு 28தானே!’ என்று காலரைத் தூக்க வேண்டாம். அபூர்வமாக இளைஞர்களுக்கும் வரும். ரத்தம் சீக்கிரம் உறையும் கோளாறு இருக்கிறதா என்று அப்போது பரிசோதிப்பார்கள்.

ஊசியா... கண்ணிலா?

கிளைச் சிரை அடைப்பில் வரும் வீக்கத்துக்கு லேசர் பலன் தரும் என்று 1984-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நடுச் சிரை அடைப்பிலோ லேசர் வீக்கத்தைக் குறைத்ததே தவிர, பார்வையைக் கூட்டவில்லை என்று 1995-ல் தெரிந்தது.

பட்டினி கிடக்கும் ரெட்டினா வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. கசிவை அதிகமாக்குவது அதுதான். 1989-ல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் நெப்போலியோன் ஃபெராரா. அதைத் தடுக்கும் ரானிபிஸுமாப் ஊசி மருந்துக்கு, இந்த நோய்க்காக 2010-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிஸுமாப் மருந்தும் இதற்குப் பயன்படுகிறது, விலையும் குறைவு. சிலருக்கு ஸ்டீராய்டு மருந்து வைப்பார்கள்.

‘ஐயோ, கண்ணுல ஊசியா!’ என்று அலற வேண்டாம். சொட்டு மருந்தால் மரத்துப்போக வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, வெள்ளைப் பகுதியில் மெல்லிய ஊசியால் போடுவார்கள். சில விநாடி வேலை. மறுநாள் அங்கே சிவப்புத் திட்டு தெரிந்தால் சாதாரணம். வலி ஏறினாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை இறங்கினாலோ கிருமி தாக்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பாதியில் நிறுத்தாதீர்கள்!

ஊசி அடைப்பைத் திறப்பதில்லை. வீக்கத்தை வற்ற வைக்கிறது, அவ்வளவுதான். மருந்தின் வேகம் தீர்ந்ததும் வீக்கம் திரும்ப வரலாம். அதனால்தான் ஆரம்பத்தில் மாதம் ஒரு ஊசி, பிறகு ஓ.சி.டி. ஸ்கேன் பார்த்து முடிவு. ‘நல்லாத் தெரியுதே’ என்று இரண்டாவது ஊசியோடு கும்பிடு போட்டால், வற்றிய நீர் மறுபடி கோத்துக்கொள்ளலாம். செலவுதான் பிரச்னை என்றால், டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லி, விலை குறைந்த மருந்து உண்டா என்று கேளுங்கள். சிகிச்சையோ செக்கப்போ இல்லாமல் விட்டால், சிலருக்குக் கண்ணில் வேண்டாத புது ரத்தநாளங்கள் முளைத்து, கண் அழுத்தம் எகிறி, பார்வையே போகக்கூடும். சிகிச்சை எடுத்தாலும் எல்லோருக்கும் பழைய பார்வை முழுசாகத் திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆகவே, சீக்கிரம் போவதுதான் புத்திசாலித்தனம்.

செல்போன் சார்ஜை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறோம். பி.பி. பார்த்து எத்தனை வருஷமாச்சு? இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். “எனக்கென்னடா, கண்ணு பளிச்சுனு தெரியுது” என்பார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள்!