இதய வால்வும் இரத்த உறைவும்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் தெருக்களில் நடப்போர் லேத்துப் பட்டறைகளின் ஓசையைக் கேளாமல் செல்ல இயலாது. அங்குப் பணிபுரியும் தொழிலாளி ஒருவரிடம் நல்ல வால்வு எது என்று வினவினால், மூடியபின் ஒரு சொட்டும் கசியாதது என்று உடனே விடை பகர்வார். நீருக்கும் எண்ணெய்க்கும் அவ்விடை முற்றிலும் சரியே. குருதிக்கு அது பொருந்தாது. இதயத்தில் பொருத்தப்பெறும் உலோக வால்வு, மூடிய நிலையிலும் மிகச் சிறிதளவு கசிய இடந்தந்தே வடிவமைக்கப்படுகின்றது. அதன் காரணத்தை அறிந்தால், அந்த வால்வைத் தாங்கி வாழ்வோரின் அன்றாடக் கவலையும் நமக்கு விளங்கும்.

கவாடம், ஓரதர் எனப் பல கலைச்சொற்கள் இதற்குத் தமிழில் உண்டு. எனினும் பட்டறையிலும் மருத்துவமனையிலும் ஒருங்கே வழங்குவது 'வால்வு' என்னும் சொல்லே. ஆதலின் அதனையே இங்கு ஆள்கிறேன். துறைத் தோழர்கள் பொறுத்தருள்க.

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. மேலைநாடுகளில் வால்வு பழுதுபடுவது பெரும்பாலும் முதுமையில். நம் நாட்டிலோ சிறுவயதில் வரும் தொண்டைப் புண்ணே பலருக்கு முதற்காரணமாகின்றது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிய படையே, பின்னர் வாதக் காய்ச்சலாகத் திரும்பி இதய வால்வைத் தாக்குகின்றது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் ஏழைக் குழந்தைகளே இதற்கு மிகுதியும் இரையாகின்றனர். வால்வு தடித்துச் சுருங்கிப் பழுதுபார்க்க இயலா நிலை எய்தினால், மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

இங்குதான் சிக்கல் தொடங்குகின்றது. விரலில் கத்தி பட்டால் குருதி உறைவது நமக்கு நன்மை. வால்வின்மேல் அது உறைந்தாலோ, வால்வு அசையாமல் சிக்கிக்கொள்ளும். அல்லது உறைந்த துணுக்கு மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும். குருதி தேங்கி நிற்றல், அதனைத் தொடும் பரப்பு சிதைவுறல், குருதியின் தன்மையே மாறுதல் ஆகிய மூன்றும் உறைவுக்கு வழிகோலுவன என்பர். ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் செய்த ஆய்வுகளினின்று பிறந்த கருத்து இது. முதலிரண்டும் பொறியாளர் கைக்கு எட்டுவன. மூன்றாவது எட்டாதது.

1960இல் அமெரிக்காவில் ஸ்டார் என்னும் அறுவை மருத்துவரும் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் ஆக்கிய வால்வு, கூண்டுக்குள் அடைபட்ட ஒரு பந்து. அது பலருக்கு வாழ்வளித்தது. ஆயினும் குருதி பந்தைச் சுற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தமையால் ஓட்டம் நேராக அமையவில்லை. பின்னர், சாய்ந்து திறக்கும் வட்டு வந்தது. வட்டு சாயும்போது குருதி நேராகப் பாயும். மூடும்போது விளிம்பிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியே சிறிது பின்னோக்கிப் பீறிட்டு, தேக்கம் நேரக்கூடிய மூலைகளைக் கழுவிவிடும். வாய்க்காலில் நீர் ஓடுமிடத்தில் பாசி படிவதில்லை. ஒதுங்கி நிற்குமிடத்தில் படிகின்றது. தொடக்கத்தில் கூறிய கசிவின் பயன் இதுவே. கசிவு மிகுந்தாலோ இதயத்தின் உழைப்பு வீணாகும். அந்த அளவைக் காண்பதே வடிவமைப்பாளரின் திறம்.

இந்தியாவில் இப்பணியைத் தலைமேற்கொண்டவர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் (1934–2024). அயல்நாட்டு வால்வுகளின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாததைக் கண்ட அவர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் முதலானோருடன் 1970களின் பிற்பகுதியில் முயற்சியைத் தொடங்கினார். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. பற்றவைத்த உலோகத் தாங்கி முறிந்தது, டைட்டானியம் தேய்ந்தது, செயற்கை நீலமணியால் செய்த வட்டு உடைந்தது. நீலமணி வைரத்திற்கு அடுத்த கடினம் உடையது. கடினமானது நிலைக்கும் என்று நாமும்தான் எண்ணுவோம். ஆனால் ஓயாது மோதும் இடத்தில் கடினம் மட்டும் போதவில்லை.

நான்காம் மாதிரியில் அவர்கள் எதிர்த்திசையில் சென்றனர். வட்டினை மிக உயர்ந்த மூலக்கூற்று எடையுள்ள பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் செய்தனர். செயற்கை இடுப்பு மூட்டில் பயன்படுவதும் இதுவே. அதனைத் தாங்கும் சட்டத்தைக் கோபால்ட்–குரோமியக் கலவையின் ஒரே கட்டியினின்று கடைந்தெடுத்தனர். பற்றவைப்பு என்பதே இல்லை. இச்செய்தி நம் பட்டறைத் தோழர்களுக்கு மகிழ்ச்சி தரும் என்று நம்புகிறேன். அயல்நாட்டு வால்வு ஒன்றில் பற்றவைத்த தாங்கி முறிந்து நோயாளிகள் இறந்ததும், 1986இல் அது விற்பனையினின்று விலக்கப்பட்டதும் இங்கு நினையத்தக்கன. இந்த வட்டு இயங்கும்போது தானும் சுழல்வதால் தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் பரவுகின்றது. பிளாஸ்டிக் ஆதலின் ஓசையும் குறைவு. சுற்றிலும் பாலியெஸ்டர் துணியாலான தையல் வளையம் உண்டு. உடலின் திசு அதன்மேல் வளர்ந்து மூடிக்கொள்கின்றது.

இதயம் நிமிடத்திற்கு 72 முறை துடிக்குமாயின் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 இலட்சம் துடிப்பு. பத்தாண்டைக் காத்திருந்து சோதிக்க யாரால் இயலும்? ஆகவே விரைவாக இயங்கும் சோதனைக் கருவிகளில் கோடிக்கணக்கான முறை இயக்கியும், ஆடுகளில் பொருத்தியும் பார்த்தபின், 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் தொழில்நுட்பத்தைப் பெற்று உற்பத்தி செய்தது. இதுவரை ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு இவ்வால்வு பொருத்தப்பட்டுள்ளது.

விலங்குத் திசுவாலான வால்வுகளுக்கு உறைவெதிர் மருந்து நெடுங்காலம் தேவைப்படுவதில்லையே, அவற்றைப் பொருத்தலாகாதா என்று வினவுவர். பன்றியின் வால்வாலும் மாட்டின் இதய உறையாலும் அவை ஆக்கப்படுகின்றன. உயிர்காக்கும் இன்றியமையா நிலையில் முன்னதும் கூடும் என மார்க்க அறிஞர் பலர் கருத்துரைத்துள்ளனர். ஆனால் உண்மையான தடை வேறு: இளையோர் உடலில் அவை சுண்ணாம்பு படிந்து விரைவில் பழுதாகின்றன, மறு அறுவை வேண்டியதாகின்றது. நம் நோயாளிகளோ பெரும்பாலும் இளையோர்.

எனவே உலோக வால்வு. அதனுடன் வாழ்நாள் முழுதும் மாத்திரை. பொறியாளர் கைக்கு எட்டாத மூன்றாவது காரணத்தை வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மருந்துகளே கவனிக்கின்றன. மருந்து மிகுந்தால் குருதிப்போக்கு, குறைந்தால் உறைவு. ஆதலின் ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனையைத் தவறாது செய்தல் வேண்டும். இயல்பில் 1 அளவில் இருக்கும் அந்த எண், மைட்ரல் வால்வு மாற்றியோர்க்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்குமாறு மருத்துவர் பார்த்துக்கொள்வார். சோதனை வேண்டாத புதிய மாத்திரைகள் இன்று உண்டு. ஆனால் உலோக வால்வு பொருத்தியோரிடம் அவற்றுள் ஒன்றைச் சோதித்த ஆய்வு 2012இலும், மற்றொன்றைச் சோதித்த ஆய்வு 2022இலும் உறைவு மிகுந்தமையால் இடையில் நிறுத்தப்பட்டன.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர்க்குப் பத்தொன்பது வயதில் மைட்ரல் வால்வு மாற்றப்பட்டது. திருமணப் பேச்சு எழுந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் மாத்திரைப் பட்டை படலாகாது என்று நன்னிமா அதனை எடுத்து ஒளித்துவைத்தார். பெண்ணும் நலமாகத்தானே இருந்தார்! சில வாரங்களில், இரவில் தனக்கு மட்டும் கேட்கும் அந்த மெல்லிய 'டிக்' ஓசை மங்கியது. பின்னர்ப் படுக்க இயலாத மூச்சுத்திணறல். வட்டு உறைவில் சிக்கியிருந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் செலுத்தி அதனைக் கரைத்தனர். அம்மருந்து, முதலில் அவர் வால்வைக் கெடுத்த கிருமியின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கிருமியினின்று பெறப்படுவது.

அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. ஈராண்டு கழித்து வேறிடத்தில் நிக்காஹ் நடந்தது. வால்வின் செய்தி பெண் பார்க்க வந்த அன்றே சொல்லப்பட்டது. இம்மாத்திரை கருவின் தொடக்க மாதங்களில் தீங்கு செய்யலாம் என்பதால், குழந்தை வேண்டுமென எண்ணும் முன்பே இருவரும் இதய மருத்துவரையும் மகப்பேற்று மருத்துவரையும் கண்டனர். பல் பிடுங்கச் சென்றாலும் வால்வைப் பற்றிச் சொல்கிறார். வலிக்கென்று கடையில் தாமாக மாத்திரை வாங்குவதில்லை. முருங்கைக்கீரையை அவர் விலக்கவில்லை. வாரந்தோறும் ஒரே அளவாக உண்கிறார். சோதனைக்குச் செல்லும் நாளை அவருடைய மாமியார்தாம் நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கிறாராம்.