சம்பளத் துண்டைத் திருத்தினால் செக்ரோல் திருந்துமா?

கணக்கும் கணினியும் – 14

அட்டவணையில் ஒரு வரி சேரும்போதோ, மாறும்போதோ, நீங்கும்போதோ டேட்டாபேஸ் தானாக ஓட்டும் நிரல்தான் ட்ரிகர் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதையே வியூவின் மேல் வைத்தால் என்ன நடக்கும்? ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீஸ் ஒன்றின் கணக்கை டேட்டாபேஸில் ஏற்றிப் பார்ப்போம்.

அட்டவணைகள் நாலு. செக்ரோலில், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, வந்தவர்களின் பெயரும் தேதியும். நிறுவையில், கொழுந்து மடுவத்தில் நிறுத்த கிலோவும் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த கிலோவும். பிடிப்பில் தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா. நாலாவது, நாட்சம்பள வீதம். மாத முடிவில் கைக்கு வரும் சம்பளத் துண்டு, இந்த நாலையும் சேர்த்து, சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்துக் காட்டும் வியூ. அதற்கென்று சொந்த வரி ஒன்றும் கிடையாது. கேட்கிற நேரத்தில் மூல அட்டவணைகளிலிருந்து திரட்டிக் காட்டும்.

துண்டோடு ஒரு அம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஐயா, பன்னெண்டாந் தேதி எனக்கு அரைப்பேர் விழுந்திருக்குங்க. நான் முழுப்பேருக்குத்தான் கொழுந்து எடுத்தேன்.” முழுப்பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், அரைப்பேர் என்றால் அதில் பாதி. கிளாக்கர் திரையில் துண்டைத் திறந்து கைக்கு வரும் தொகையைக் கூட்டி எழுதுகிறார். டேட்டாபேஸ் மறுக்கிறது.

மறுப்பதில் நியாயம் இருக்கிறது. தொகை கூட வேண்டுமென்றால் பேரைக் கூட்டலாம், கழிவைக் குறைக்கலாம், முற்பணப் பிடிப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். எதைச் செய்வது என்று அந்தத் தொகையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ரிலேஷனல் மாதிரியை 1970இல் முன்வைத்த ஈ. எஃப். காட், 1985இல் வகுத்த விதிகளில் ஆறாவது இதைப் பற்றியது: கோட்பாட்டளவில் திருத்தக்கூடிய வியூ எதுவானாலும் டேட்டாபேஸும் அதைத் திருத்த இடம்தர வேண்டும். ஒரே அட்டவணையின் சில பத்திகளை மட்டும் காட்டும் வியூ என்றால் திருத்தம் போகும் வழி ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ் 2013இல் வந்த 9.3 பதிப்பு முதல் அந்த வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. பல அட்டவணைகள் சேர்ந்து, கூட்டலும் கலந்துவிட்டால் நாம்தான் வழி சொல்ல வேண்டும்.

அதற்குத்தான் ‘இன்ஸ்டெட் ஆஃப்’ ட்ரிகர். வியூவுக்கு வரும் கட்டளையை டேட்டாபேஸ் நிறைவேற்றாது. நாம் எழுதிவைத்த நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆரக்கிள் 8, எஸ்கியூஎல் சர்வர் 2000, 2011இன் போஸ்ட்கிரெஸ் 9.1 என்று ஒவ்வொன்றாக இந்த வசதி வந்தது. எஸ்கியூலைட்டில் வியூவுக்கு இந்த வகை மட்டுமே உண்டு. மைஎஸ்கியூஎல்லில் வியூவின் மேல் ட்ரிகரே வைக்க முடியாது.

இனி நாள்வாரிக் கணக்கைக் காட்டும் வியூ ஒன்றைக் கட்டுவோம். பன்னிரண்டாம் தேதி வரியில் இருப்பது: நிறுத்தது 19 கிலோ, கழிவு 3, மிச்சம் 16, அரைப்பேர். முழுப்பேருக்கு எடுக்க வேண்டிய, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அளவு இங்கே 18 கிலோ என்போம். ஆகவே பேரும் மூலத் தரவு இல்லை, கிலோவிலிருந்து பிறப்பது. கிளாக்கர் ‘அரை’யை ‘முழு’ ஆக்கினால் ட்ரிகர் பிழை சொல்லி நிறுத்த வேண்டும். கழிவு 3 என்பதை 1 ஆக்கினால், பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிட்டு, நிறுவை அட்டவணையில் அந்த ஒரு பத்தியை மட்டும் மாற்ற வேண்டும். மிச்சம் 18 ஆகும். முழுப்பேர் தானாக வந்துவிடும்.

ஆனால் ஒதுங்கிக்கொண்ட டேட்டாபேஸ் நிரலின் பேச்சை அப்படியே நம்பும். போஸ்ட்கிரெஸில் ட்ரிகர் ஒன்றுமே எழுதாமல் புதிய வரியை மட்டும் திருப்பிக் கொடுத்தாலும் ‘ஒரு வரி மாறியது’ என்றே பதில் வரும். கிளாக்கர் திருத்திவிட்டதாக நினைப்பார். அடுத்த முறை திறந்தால் அதே அரைப்பேர். எஸ்கியூஎல் சர்வரில் வேறொரு பொறி. அங்கே ட்ரிகர் வரிக்கு ஒருமுறை ஓடாது, கட்டளைக்கு ஒருமுறை ஓடும். மழைநாள் கழிவை நாற்பது பேருக்கு ஒரே கட்டளையில் திருத்தினால் நாற்பது வரியும் மொத்தமாக வந்து சேரும். ஒரு வரியை எடுத்துத் திருத்தும்படி எழுதிய நிரல் மீதி முப்பத்தொன்பது பேரையும் விட்டுவிடும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. வியூவின் ட்ரிகர் வியூவைப் பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைக்கு மட்டுமே எழும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 900 அடிப்படை, 100 வரவுசெலவுத் திட்டப் படி. நம் கணக்கில் அது வீத அட்டவணையில் ஒரே ஒரு மாற்றம். எல்லாருடைய துண்டிலும் தொகை மாறும், துண்டின் மேல் உள்ள ட்ரிகர் ஒன்றுகூட அசையாது. வீதத்தோடு அமுலுக்கு வரும் தேதியைச் சேர்க்காமல் விட்டால் போன வருஷத்துத் துண்டுகளும் சேர்ந்து மாறிவிடும்.

அதனால் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடத்தை வியூவில் பதிய நினைப்பது வீண். நேராக நிறுவை அட்டவணையைத் திறந்து கழிவைக் கூட்டுகிறவர் அந்தப் பக்கமே வரமாட்டார். தடம் பதியும் ட்ரிகர் நிறுவையிலும் வீதத்திலும் பிடிப்பிலும் இருக்க வேண்டும். வியூ வழியாக வரும் திருத்தமும் கடைசியில் அங்கேதான் எழுதப்படுகிறது என்பதால் இரண்டு வழியும் அகப்படும். ஜன்னலில் நிற்கும் அம்மாவுக்குப் பதில் சொல்ல கிளாக்கருக்கு அந்தத் தடம்தான் உதவும்: மூன்று கிலோ எந்த நேரத்தில், யார் பெயரில் கழிந்தது என்று அதில் இருக்கும்.

அடுத்த வாரம்: திரட்டிய கணக்கைச் சேமித்தே வைத்துக்கொள்ளும் மெட்டீரியலைஸ்டு வியூ. மாதக் கடைசியில் அது ஏன் பழைய தொகையைக் காட்டுகிறது?

(தொடரும்)